என்ஹெச் 10: கொல்லப்பட்டவர்களின் கதையா, கொலையைப் பார்த்துவிட்டவர்களின் கதையா?

இரவுக்காட்சி

பத்து வருடம் கழித்து என்ஹெச் 10 என்ற இந்திப் படத்தை மறுபடியும் பார்த்தேன். 2015 மார்ச்சில் தியேட்டரில் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது கை நடுங்கிப் பைக் சாவியைத் துழாவியது இன்னும் நினைவிருக்கிறது. இந்த முறை நடுக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. படம் மோசம் என்று சொல்ல வரவில்லை, எனக்கு ரொம்பப் பிடித்த படம்தான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள், முடிவு வரை எல்லாவற்றையும் உடைக்கப் போகிறேன்.

மீரா, அர்ஜுன் இருவரும் குர்கானில் நல்ல சம்பளத்தில் இருக்கும் ஜோடி. ஒரு ராத்திரி தனியாகக் கார் ஓட்டிப் போகும் மீராவை ரவுடிகள் தாக்குகிறார்கள், தப்பித்து விடுகிறாள். துப்பாக்கி வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறார் போலீஸ்காரர். அப்புறம் மீராவின் பிறந்தநாளுக்காக வெளியூர் கிளம்புகிறார்கள், வழியில் ஒரு தாபா. அங்கே ஒரு சின்னப் பெண் மீராவைப் பிடித்துக்கொண்டு உதவி கேட்கிறாள், மீரா உதறிவிடுகிறாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் அண்ணன் ஆட்களோடு வந்து அவளையும் அவள் கட்டிக்கொண்டவனையும் அடித்து இழுத்து வண்டியில் ஏற்றுகிறான். கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. தடுக்கப் போன அர்ஜுனுக்கு ஓர் அறை விழுகிறது. அந்த அறையைப் பொறுக்க முடியாமல்தான் அவன் துப்பாக்கியோடு பின்னாலேயே போகிறான். அவர்களைக் காப்பாற்றத்தான் போனான் என்று பத்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றாகக் கவனித்துப் பாருங்கள், அவன் போவது தன் ரோஷத்துக்காக.

என் எரிச்சல் இதுதான். பிங்கி, முகேஷ் என்ற அந்த இரண்டு பேரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? எங்கே பழகினார்கள், எப்போது ஓடினார்கள், பையன் என்ன வேலை பார்த்தான், எதுவும் தெரியாது. அண்ணன் ஆட்கள் அவர்களைக் கொன்று, அதைப் பார்த்துவிட்ட மீராவையும் அர்ஜுனையும் துரத்த ஆரம்பித்த பிறகு மிச்சப் படம் முழுக்க மீராவின் ஓட்டம்தான். ஆணவக் கொலையைப் பற்றி எடுத்த படத்தில் கொலையானவர்கள் துணைப் பாத்திரங்கள். காரின் முன்கண்ணாடி வழியாகப் பார்த்த சாதி இது. இது எனக்கு மட்டும் உறுத்துகிறதா?

கடைசிபெஞ்ச்

உங்களுக்கு மட்டும்தான் :)

ஒரு த்ரில்லரைப் போட்டுவிட்டு அதில் சமூகவியல் பாடம் தேடினால் எப்படி? முன்கண்ணாடி வழியாகப் பார்ப்பதுதான் படமே. டிக்கெட் வாங்கி மல்டிப்ளெக்ஸில் உட்கார்ந்திருந்தது யார்? மீராக்களும் அர்ஜுன்களும்தான். தாபாவில் அந்தப் பெண் மீராவின் கையைப் பிடிக்கும்போது மீரா விலகுகிறாளே, அந்த நொடியில் பார்க்கிற நாமும்தான் "நமக்கெதுக்கு வம்பு, கிளம்பு" என்று நினைத்தோம். இதை ஒரு ஆவணப்படத்தால் செய்ய முடியாது. ஆவணப்படம் பார்க்கும்போது நாம் எல்லோரும் உத்தமர்கள்.

இன்னொன்று. படத்தின் ஆரம்பத்தில் மீரா ஆபீஸில் ஒரு ப்ரெசன்டேஷன் கொடுப்பாள், கிராமத்துப் பெண்களிடம் ஒரு சுகாதாரப் பொருளை எப்படிக் கொண்டுபோய் விற்பது என்று. கிராமத்துப் பெண் ஸ்லைடில் இருக்கும்வரை மீராவுக்கு எல்லாம் தெரியும். நேரில் வந்து கையைப் பிடித்ததும் உதறுகிறாள். இதைக்கூட யோசித்து எழுதியிருக்கிறார் சுதீப் ஷர்மா, இதே ஆள்தான் பிற்பாடு பாதாள் லோக் வெப்சீரிஸ் எழுதினார், சும்மா இல்லை.

சும்மாஒருவன்

ஹரியானாக்காரன் கதை, அங்கே காட்டுமிராண்டித்தனம் அதிகம். நம்ம ஊரில் இந்த அளவுக்கு இல்லை. எதற்கு இங்கே ஓர் இழை?

பருத்திப்பால்

சும்மாஒருவன், நீங்கள் தமிழ்நாட்டில்தான் இருக்கிறீர்களா? படம் வந்த தேதி 2015 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தில் பட்டப்பகலில் ஒரு தலித் இளைஞனை வெட்டிக் கொன்றது 2016 மார்ச் 13. சரியாக ஒரு வருடம். மனைவியையும் வெட்டினார்கள், அவர் பிழைத்தார். சிசிடிவி காட்சியை நாம் எல்லோரும் போனில் பார்த்தோம், சுற்றி நின்றவர்கள் விலகி நின்றதையும் பார்த்தோம். தாபா காட்சியை நம்ப முடியவில்லை என்று அதற்கு முந்தைய வருடம் விமர்சனம் எழுதிய ஆட்களை எனக்குத் தெரியும். அதற்கும் முன்னால் விருத்தாசலம், தருமபுரி. அந்தப் படம் வந்த அதே 2015 ஜூனில் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் கிடந்த இன்னொரு பையன். "நம்ம ஊரில் இல்லை" என்பதை எத்தனை தடவைதான் எழுதுவீர்கள்.

சும்மாஒருவன்

இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அளவு என்றுதான் சொன்னேன்.

கறுப்புக்கோட்டு

அளவு பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். கௌரவத்துக்காக நடந்த கொலை என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தனியாகக் கணக்கெடுக்க ஆரம்பித்ததே 2014-இல்தான். 2014 முதல் 2016 வரை மூன்று வருடத்துக்கு 288 என்று ஒரு கணக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே வருகிறது. அதிலும் முதல் வருடம் 28, அடுத்த வருடம் 192, அதற்கடுத்தது 68. ஒரே வருடத்தில் ஏழு மடங்காகி மறு வருடம் மூன்றில் ஒரு பங்காகும் குற்றம் எதுவும் கிடையாது, ஸ்டேஷனில் எழுதுகிறவர் என்ன நோக்கம் என்று எழுதினார் என்பதுதான் மாறியிருக்கும். தற்கொலை, விஷம் குடித்தாள், காணவில்லை என்று போன கேஸ்கள் இதில் வரவே வராது. அதனால் எந்த மாநிலத்தில் அதிகம் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு யாரும் மார்தட்ட வேண்டாம்.

படத்துக்குப் பின்னால் இருப்பதாகச் சொல்லப்படுவது ஹரியானா கைத்தல் மாவட்டத்தில் கரோரா கிராமத்து ஜோடியின் வழக்கு. இருவரும் ஒரே கோத்திரம், அங்கே அது அண்ணன் தங்கை முறை. 2007-இல் ஓடிப்போய்க் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஜூன் மாதம் கோர்ட்டுக்கு வந்து போனபோது போலீஸ் பாதுகாப்பு இருந்தது. அந்தப் பாதுகாப்பு பாதி வழியில் கழன்றுகொண்டது. பஸ்ஸை ஒரு ஸ்கார்ப்பியோ மறித்தது. கொஞ்ச நாள் கழித்து உடல்கள் வாய்க்காலில் கிடைத்தன. 2010 மார்ச்சில் கர்னால் நீதிமன்றம் பெண்ணின் உறவினர்கள் ஐந்து பேருக்குத் தூக்கு, காப் எனப்படும், பல ஊர் சேர்ந்த சாதிப் பஞ்சாயத்தின் தலைவருக்கு ஆயுள் என்று தீர்ப்புக் கொடுத்தது. அடுத்த வருடமே உயர் நீதிமன்றத்தில் தூக்கு எல்லாம் போய்விட்டது, காப் தலைவர் விடுதலை ஆகிவிட்டார். உடுமலை வழக்கும் இதே ரூட்தான்: 2017 டிசம்பரில் பெண்ணின் அப்பா உள்பட ஆறு பேருக்குத் தூக்கு, 2020-இல் அப்பா விடுதலை, மற்ற ஐந்து பேருக்கும் ஆயுள். கத்தி பிடித்தவன் உள்ளே போவான், உத்தரவு போட்டவனை நிரூபிக்க முடியாது. ஒரு வக்கீலாக இதைச் சொல்லவே வாய் கசக்கிறது.

குர்கான்வாசி

2012 முதல் ஏழு வருடம் குர்கானில் இருந்தவள் என்ற முறையில் சில விஷயங்கள். முதலில் ஒரு வேடிக்கை. குர்கான் வழியாகப் போனது என்ஹெச் 8. பழைய என்ஹெச் 10 டெல்லியிலிருந்து பகதூர்கட், ரோத்தக், ஹிசார், சிர்சா என்று போகும் ரோடு. படம் வருவதற்கு முன்பே நம்பர் எல்லாம் மாற்றிவிட்டார்கள், இப்போது என்ஹெச் 10 என்றால் சிலிகுரியிலிருந்து சிக்கிம் போகிற மலைப்பாதை. ஆனால் ரோத்தக் பக்கம் டிரைவர்கள் இன்னும் தஸ் நம்பர் என்றுதான் சொல்வார்கள், குர்கானை குருகிராம் ஆக்கிய பிறகும் யாரும் அப்படிச் சொல்லாத மாதிரி.

படத்தில் ஒரு போலீஸ் அதிகாரி சொல்வாரே, குர்கானில் கடைசி மால் எங்கே முடிகிறதோ அங்கேயே உங்கள் ஜனநாயகமும் அரசியல் சட்டமும் முடிந்துவிடும் என்று. எல்லோரும் கைதட்டிய வசனம். அங்கே இருந்தவளாகச் சொல்கிறேன், அது பாதி உண்மைதான். மால் முடிகிற இடம் வரைக்கும் போகவே வேண்டாம். நாங்கள் முதலில் குடியிருந்தது அப்பார்ட்மென்ட்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பழைய கிராமத்தில், நிலத்தை பில்டருக்கு விற்ற குடும்பம் கீழ் வீட்டில், மேலே மூன்று மாடி வாடகைக்கு. வீட்டுக்கார அம்மா ரொம்ப நல்ல மாதிரி. முதல் வாரமே டீ கொடுத்து உட்காரவைத்து என்ன சாதி என்று கேட்டார், அப்புறம் கோத்திரம் என்ன என்றார். எங்களுக்கு அந்த வழக்கம் இல்லை, என் வீட்டுக்காரர் என் அத்தை பையன்தான் என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டேன். புவா என்றால் அப்பாவின் தங்கைதானே என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அண்ணனையே கட்டிக்கொண்டவளைப் பார்க்கிற பார்வை. அவர்கள் கணக்கில் அப்பா வழி, அம்மா வழி, பாட்டி வழி மூன்று கோத்திரத்தையும் தள்ள வேண்டும், ஒரே ஊர் என்றால் எந்தச் சாதியானாலும் அண்ணன் தங்கை, பக்கத்து ஊர்கூடச் சில இடங்களில் அப்படித்தான். பாயிசாரா என்பார்கள். எனக்கு முறை, அவருக்குப் பாவம். அவருக்கு முறை எதுவோ அது எனக்கு விளங்கவே இல்லை.

பருத்திப்பால்

இது நல்ல இடம். நம் ஊரில் மட்டும் என்ன, கொங்குப் பக்கம் ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம் என்றால் பங்காளி, கட்டக்கூடாது. பெயர்தான் வேறு.

கறுப்புக்கோட்டு

சட்டப்படி பார்த்தால் 1955 இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரே கோத்திரம் தடையே இல்லை. தடை இருப்பது நெருங்கிய ரத்த உறவுக்குத்தான், வழக்கம் இருந்தால் அதற்கும் விலக்கு உண்டு. கர்னால் தீர்ப்பு வந்த கையோடு குருக்ஷேத்திரத்தில் கூடிய காப்கள் கேட்டது என்ன தெரியுமா, ஒரே கோத்திரக் கல்யாணத்தைத் தடைசெய்து அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று. இன்னொரு பக்கம், 2014-இல் ஹிசார் பக்கத்து சத்ரோல் காப் தன் 42 கிராமங்களுக்குள் கட்டிக்கொள்ளலாம், சாதி மாறியும் கட்டலாம் என்று தீர்மானம் போட்டது. மனம் மாறினார்களா, கட்ட பெண் கிடைக்கவில்லையா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2011 சென்செஸில் ஹரியானாவில் ஆயிரம் ஆணுக்கு 879 பெண்.

கடைசிபெஞ்ச்

படத்துக்கு வருவோமா? :) அம்மாஜியைப் பற்றி யாரும் பேசவில்லையே.

இரவுக்காட்சி

அம்மாஜிக்காகத்தான் நான் மறுபடி பார்த்ததே. தெரியாதவர்களுக்கு: அடிபட்டு ஓடிவரும் மீரா கடைசியில் ஊர்த் தலைவி வீட்டில் போய் அடைக்கலம் கேட்கிறாள். தீப்தி நவல். பெண் ஒருத்தி தலைவியாக இருக்கிறாள், இனிப் பயமில்லை என்று நமக்கும் ஒரு மூச்சு வரும். அந்த வீடுதான் பிங்கி வீடு, அந்த அம்மாள்தான் பிங்கியின் அம்மா. எண்பதுகளில் அத்தனை மென்மையான பாத்திரங்கள் செய்த தீப்தி நவலை அந்த இடத்தில் உட்காரவைத்தது நவ்தீப் சிங் செய்த அயோக்கியத்தனமான புத்திசாலித்தனம். செய்ய வேண்டியதைச் செய்தோம் என்று அவர் சொல்வதில் கோபமே இருக்காது, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியதைச் சொல்கிற தொனி.

கடைசிபெஞ்ச்

கடைசியில் அதே வார்த்தையை மீரா திருப்பிச் சொல்லும்போது எங்கள் தியேட்டரில் விசில்.

இரவுக்காட்சி

அந்த விசில்தான் என் பிரச்சினை. மீரா வண்டியால் இடிக்கிறாள், சாவகாசமாக சிகரெட் பிடிக்கிறாள், இரும்புக் கம்பியை எடுக்கிறாள். நாமும் ஆசுவாசமாக எழுந்து போகிறோம், கணக்குத் தீர்ந்துவிட்டது என்று. யாருடைய கணக்கு? அவர்கள் கொன்ற அர்ஜுனுடையது. பிங்கிக்காக யாரும் கம்பியை எடுக்கவில்லை. புருஷனைக் கொல்லாமல் விட்டிருந்தால் மீரா அப்படியே குர்கான் போய்ச் சேர்ந்திருப்பாள், கொஞ்ச நாள் தூக்கம் வராது, அவ்வளவுதான். கொலைகாரனை ஒரு பயங்கரமான ஆளாகக் காட்டினால் த்ரில்லருக்கு வசதி. நிஜத்தில் வருகிறவன் "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போம்மா, எல்லோரும் சமாதானம் ஆகிவிட்டோம்" என்று போன் செய்கிற மாமாவாகவோ சித்தப்பாவாகவோ இருப்பான். அந்த போனைப் படமாக எடுத்தால் அதைவிடப் பயங்கரமான த்ரில்லர் உண்டா?

கடைசிபெஞ்ச்

சரி, அந்த போன் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீரா பிங்கிக்காக எடுக்கவில்லை என்பதைப் படமும் மறைக்கவில்லை என்பது என் கட்சி. விசிலடித்தது நாம்தான், படம் அடிக்கவில்லை. தாபா கழிவறையில் எழுதியிருக்கும் கெட்ட வார்த்தையை மீரா துடைத்து அழிப்பாளே, அங்கே ஆரம்பித்து இது ஒரு பெண்ணுக்கும் அந்த ரோட்டுக்குமான சண்டை. சாதி அந்த ரோட்டில் வருகிற ஒரு பெரிய பள்ளம். முழுப் படமும் சாதி என்று நாம்தான் எதிர்பார்க்கிறோம். அப்புறம், நடுவில் மீராவை ஒளித்து வைப்பது யார் என்று பாருங்கள், பிழைக்க வந்த ஒரு பீகார் ஜோடி. ஒன்றுமில்லாதவர்கள்தான் கதவைத் திறக்கிறார்கள்.

பிரிட்டிஷ் படம் ஈடன் லேக் பார்த்தவர்கள் சண்டைக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன், ஆமாம், சாயல் இருக்கிறது.

சும்மாஒருவன்

ஒரு கேள்வி, கோபப்படாமல் சொல்லுங்கள். கௌரவக் கொலை என்று போடாமல் எல்லோரும் ஆணவக் கொலை என்று எழுதுகிறீர்கள். இரண்டும் ஒன்றுதானே?

பருத்திப்பால்

கோபமெல்லாம் இல்லை. கொன்றவன் சொல்கிற பெயர் கௌரவம். அவன் சொன்னதையே நாமும் எழுதினால் அவனுக்கு மாலை போட்ட மாதிரி ஆகிறது. பத்திரிகைகளிலும் மேடைகளிலும் சண்டை போட்டுத்தான் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தார்கள். இந்தியில் இன்றைக்கும் ஹானர் கில்லிங்தான். இந்த ஒரு விஷயத்தில் தமிழில் கொஞ்சம் முன்னே இருக்கிறோம், சொல்லில் மட்டும்.

கறுப்புக்கோட்டு

சொல்லில் மட்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். காப் பஞ்சாயத்தும் நம் கட்டப் பஞ்சாயத்தும் ஒன்றே, இரண்டும் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னது தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில்தான். 2018-இல் சக்தி வாகினி வழக்கில் மாவட்டத்துக்கு ஒரு தனிப்பிரிவு, 24 மணி நேர உதவி எண், பாதுகாப்பு இல்லம் எல்லாம் வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். தனிச் சட்டம் என்று பார்த்தால் ராஜஸ்தான் சட்டசபை 2019-இல் ஒரு மசோதா நிறைவேற்றியது. இங்கே 2025 ஜூலையில் நெல்லையில் ஒரு ஐடி ஊழியரை வெட்டிக் கொன்ற பிறகு, அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தார்கள்.

என் கையில் வந்த ஒரு விஷயம், ஊர் பெயர் வேண்டாம். பாதுகாப்புக் கேட்டு ஸ்டேஷனுக்குப் போன ஜோடியை உட்காரவைத்துவிட்டு, அங்கிருந்தவர் முதல் வேலையாகப் பெண்ணின் அப்பாவுக்கு போன் செய்தார். கெட்ட எண்ணம் இல்லையாம், பேசித் தீர்த்துவைக்கத்தானாம். நான் போய்ச் சேர்வதற்குள் வாசலில் மூன்று கார். நல்லவேளை, பெண் தைரியசாலி, ஸ்டேஷனை விட்டு நகரமாட்டேன் என்று பெஞ்சுக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மாஜிஸ்திரேட் வீட்டுக்குப் போனோம். என்ஹெச் 10-இல் போலீஸ் ஜீப் வரும்போது தியேட்டரில் மற்றவர்கள் மூச்சு விட்டார்கள், எனக்கு வயிறு கலங்கியது.

இரவுக்காட்சி

கறுப்புக்கோட்டு, நன்றி. முன்பு நீங்கள் சொன்ன கரோரா வழக்கைப் போய்ப் படித்தேன். அந்தப் பையனின் அம்மாவும் சகோதரியும்தான் கடைசி வரை வழக்கை நடத்தியிருக்கிறார்கள். ஊரே அவர்களை விலக்கி வைத்திருக்கிறது. அவர்களோடு பேசக்கூடாது, அவர்களுக்குச் சாமான் விற்கக்கூடாது. தாயும் மகளும் அதே ஊரில் இருந்துகொண்டே கோர்ட்டுக்குப் போய் வந்திருக்கிறார்கள். படத்தில் ஊரை ஆட்டிவைக்கிற ஓர் அம்மா இருக்கிறார். நிஜத்தில் அந்த ஊரையே எதிர்த்து நின்ற இன்னோர் அம்மா இருந்தார், அவரை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். கடைசிபெஞ்ச், உங்கள் கட்சி எனக்குப் புரிகிறது, 26 வயதில் அனுஷ்கா சர்மா சொந்தப் பணம் போட்டு இந்த மாதிரிப் படம் தயாரித்ததே பெரிய விஷயம் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் மளிகைக் கடையில் சாமான் தரமாட்டேன் என்று சொல்கிற காட்சி என் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கடைசிபெஞ்ச்

அதை எடுத்தால் நான் முதல் நாள் முதல் காட்சி. விசில் அடிக்க மாட்டேன்.

குர்கான்வாசி

தாமதமாக வருகிறேன், பெண் கிடைக்காத பேச்சு வந்ததால் இதைச் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டுக்கார அம்மாவின் கொழுந்தனுக்கு நாற்பது வயதுக்கு மேல் கல்யாணம் ஆனது. பெண் வங்காளத்துக்காரி, தரகர் மூலம் காசு கொடுத்துக் கூட்டி வந்தார்கள். அங்கே இது சகஜம், மோல்கி (விலைக்கு வாங்கியவள்) என்பார்கள், பாரோ என்பார்கள், அந்தப் பெண்ணையும் அப்படியேதான் கூப்பிட்டார்கள், நிஜப் பெயர் என்ன என்று எனக்கே ஆறு மாதம் தெரியாது. என்னிடம் டம்ளரைக் கீழே வைத்த அதே அம்மா அவளிடம் சாதியும் கேட்கவில்லை, கோத்திரமும் கேட்கவில்லை. சாணி தட்ட, மாட்டுக்குத் தீனி வைக்க, பிள்ளை பெற ஆள் வந்தது.

ஒரு நாள் மதியம் மீன் குழம்பு வாசனைக்கு மேலே வந்துவிட்டாள். ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் நான் மீன் வைப்பேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், முள்ளைக்கூட மென்று சாப்பிட்டாள். பிறகு சோப்பு கேட்டு வாங்கி மூன்று தடவை கை கழுவினாள். கையை முகர்ந்து பார்த்தாள், திரும்பவும் கழுவினாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.